மோதி பாக்கிற்கு வந்த வேதாளம்

விக்கிரமாதித்தன் கதையை ஒரு முறையேனும் கேளாத தமிழர் இரார். நள்ளிரவில் மயானத்திற்குச் சென்று, முருங்கை மரத்தில் தொங்கும் உடலை இறக்கித் தோளிற் சுமந்து வருகிறான் அரசன். அவ்வுடலிற் குடியிருக்கும் வேதாளம், வழிநடையின் களைப்புத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு கதை சொல்லி, அதன் முடிவில் ஒரு கேள்வியும் கேட்கிறது. விடை தெரிந்திருந்தும் வாய் திறவாவிட்டால் அரசனுடைய தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும். ஒரே கோப்பு மேசைக்கு மேசை சென்று, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவதைக் கண்டு பழகிய தில்லி நேயர்களுக்கு இந்த அரசனிடம் சற்று அதிகமான அனுதாபம் உண்டாவது இயல்பே.

காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இக்கதைகள் இருக்கின்றன. அங்கே வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழ் நாட்டிற்கு வந்தபோது அது முருங்கைக்கு மாறிக்கொண்டது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரமாயிருந்தால்தானே, இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகக் குழந்தைகள் அஞ்சும்! வீரக் கதைகள் ஊர் விட்டு ஊர் செல்லும் முறை இதுதான். வீரன் அப்படியே இருப்பான். மரமும் பெயரும் பேச்சும் போகும் ஊருக்குத் தக்கபடி மாறும். இருபதாம் நூற்றாண்டில் சித்திரக்கதைகளும் தொலைக்காட்சியும் இதே வேலையைச் செய்தன. தாய்நாட்டை விட்டு வெகுதூரம் வந்து வாழும் நமக்கு அதில் தனிப்பட்ட அக்கறை ஒன்று உண்டு. நம் குழந்தைகள் தமிழ் எழுத்தை எதற்காக வாசிப்பார்கள் என்னும் கேள்விக்கு இந்த வீரர்கள் ஒரு காலத்தில் விடையாக இருந்தார்கள்.

தில்லியின் தென்பகுதியில் உள்ள மோதி பாக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மோதி என்றால் முத்து. பாக் என்றால் தோட்டம். மத்திய அரசாங்க ஊழியர்களுக்கென எழுப்பிய குடியிருப்பு அது. பிற்காலத்தில் அதன் ஒரு பகுதியை இடித்துப் புதிய மோதி பாக் என்று கட்டியிருக்கிறார்கள். பழைய குவார்ட்டர்ஸ் வீடுகளில் தமிழரும் வங்காளியரும் பஞ்சாபியரும் மலையாளிகளும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பக்கத்திலேயே ராமகிருஷ்ணபுரம், அங்கே குன்றின்மேல் சுவாமிநாதன் கோயில் கொண்டிருக்கும் மலை மந்திர். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிற்குள் தமிழும், மைதானத்தில் இந்தியும், வகுப்பில் ஆங்கிலமும் பேசினர். மேற்சொன்ன வேதாளம் இத்தகைய இல்லங்களுக்கு மூன்று வெவ்வேறு வழிகளில், மூன்று வெவ்வேறு வேடங்களில் வந்து சேர்ந்தது.

முதல் வழி அம்புலிமாமா. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இந்தச் சிறுவர் மாத இதழ், விரைவில் இந்தி முதலிய பல மொழிகளில் வெளிவரலாயிற்று. கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் உடல், பின்னே மயானத்தின் இருள் என அந்த விக்கிரமாதித்தன் படத்தை வரைந்தவர் சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன். 1924-இல் பிறந்து, 1952-இல் அந்நிறுவனத்திற் சேர்ந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020-இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த இதழில் ஒரு விசேஷம் இருந்தது. எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் படம் ஒன்றே. எழுத்து மாத்திரம் வேறு. கீழ்வீட்டுத் தமிழ்ச் சிறுமியிடம் அம்புலிமாமா இருக்க, மேல்வீட்டு இந்திச் சிறுவனிடம் அதே அட்டைப் படத்தோடு சந்தாமாமா இருக்கும். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால், ஒரே அரசன் இரண்டு எழுத்துகளிற் பேசுகிறான். மொழி கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடநூலை எந்தக் கல்வித் துறை அச்சிட்டது? படம் பொருளைச் சொல்லிவிடுவதால், தெரியாத சொல்லைக் கண்டு பிள்ளை மிரள்வதில்லை.

இரண்டாம் வழி சற்றுச் சுற்றுவழி. அமெரிக்கரான லீ ஃபாக் என்பவர் 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஃபாண்டம் என்னும் முகமூடி வீரனின் தொடரைச் செய்தித்தாளில் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாண்ட்ரேக் என்னும் மந்திரவாதியைப் படைத்தவரும் அவரே. கடற்கொள்ளையரால் தந்தையை இழந்த ஒருவன், கொடுமையை ஒழிப்பேன் என்று மண்டையோட்டின்மேல் ஆணையிடுகிறான். அவனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் பேரன் என்று ஒவ்வொருவரும் அதே உடையையும் முகமூடியையும் அணிந்துகொள்கிறார்கள். நானூறு ஆண்டுகளாக ஒருவனே சாகாமல் உலவுகிறான் என்று காட்டு மக்கள் நம்புகின்றனர். நம் காலத்துக் கதைகளில் வருகிறவன் இருபத்தொன்றாம் தலைமுறை.

டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திரஜால் காமிக்ஸ் என்ற வரிசையைத் தொடங்கி, இந்த ஃபாண்டத்தையே அதன் முதல் வீரனாக்கிற்று. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அது வந்தது. அப்போது பதிப்பாளருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. தொடக்ககாலக் கதைகளில் வீரனுடைய காடு வங்காளத்தை நினைவூட்டும் பெயர் கொண்டது. கொள்ளையரின் பெயரோ சிங்! வங்காளியரும் சீக்கியரும் பெருந்தொகையினராய் வாசிக்கும் நாட்டில் இது செல்லுமா? நாட்டின் பெயரை டெங்காலி என்றும், சிங் என்பதைச் சிங்கா என்றும் மாற்றி அச்சிட்டனர். ஓர் எழுத்தை அங்கும் இங்குமாக மாற்றியதில் வழக்கு தீர்ந்தது.

இந்தியில் அவனுக்கு இட்ட பெயர்தான் நமக்கு முக்கியம். ஃபாண்டம் என்றால் ஆவி. ஆவிக்கு நம் நாட்டிலே பழைய பெயர் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? வேதால் என்றே அழைத்தார்கள். சிவகாசித் தமிழ்ப் பதிப்பினர் அவனை வேதாளர் என்று மரியாதை விகுதியோடு குறிப்பிட்டனர். ஆக, அரசன் தோளிற் கிடந்து கேள்வி கேட்ட வேதாளம், ஊதா நிற உடையணிந்து வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொண்டது. இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை என்பது உண்மையே. ஆயினும் அந்தப் பெயரால்தான் அந்நியன் ஒருவன் வீட்டிற்குள் கூச்சமின்றி நுழைந்தான். பின்னர் 1976-இல் ஆபித் சுர்தி படைத்த பகதூர் என்னும் இந்திய வீரனும் அதே வரிசையில் வந்தான். கொள்ளைக்காரனின் மகனாய்ப் பிறந்து கொள்ளையரை எதிர்த்தவன் அவன். இந்திரஜால் 1990-இல் நின்றுபோயிற்று. அதற்குப் பின்னும் நெடுங்காலம், தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடிய பழைய புத்தகச் சந்தையில் அதன் இதழ்களைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. அந்தச் சந்தையும் 2019-இல் நடைபாதையை விட்டு வேறிடம் சென்றுவிட்டது.

தில்லியையே களமாகக் கொண்ட நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில், வானொலி நிலையத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கிற்று. 1972 வரை நாட்டில் வேறெங்கும் அது கிடையாது. சென்னைக்கு 1975-இல்தான் வந்தது. 1967-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லிக்கு வந்திருந்த அனந்த பை, ஒரு புத்தகக் கடையில் வைத்திருந்த தொலைக்காட்சியில் வினாவிடைப் போட்டி ஒன்றைக் கண்டார். ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களைப் பற்றிக் கேட்டபோது தயங்காமல் விடை சொன்ன கல்லூரி மாணவர்கள், இராமனுடைய தாயார் யார் என்று கேட்டபோது விழித்தார்களாம். இது அவரே பிற்காலத்திற் பலமுறை சொன்ன செய்தி. கர்நாடகத்துக் கார்கலாவில் பிறந்தவர் அவர். இந்திரஜால் வரிசையின் தொடக்கத்தில் பங்கு கொண்டு, ஃபாண்டம் இங்கே எப்படி விலைபோனான் என்பதை நேரில் அறிந்தவர். அந்த உத்தியைக் கொண்டே நம் புராண, சரித்திர வீரர்களைச் சொல்ல முனைந்து, அமர் சித்திரக் கதை வரிசையைத் தொடங்கினார். முதற் பத்து எண்கள் மேனாட்டுக் கதைகள், பதினோராவது கிருஷ்ணன். கோசலையின் பெயரை யாரோ சில மாணவர்கள் மறந்ததன் பலன் இது!

இவ்வரிசை நற்பணி செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அமர் சித்திரக் கதையை வாங்கிக் கொடுத்தவர்கள் பெற்றோர். பிள்ளைகள் தாமே தேடி, தலையணைக்கடியில் மறைத்து வாசித்தது வேறு.

அந்த வேறு இலக்கியம் சிவகாசியிலிருந்து வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாள்காட்டிக்கும் பேர்போன அவ்வூரில் அச்சகங்கள் மலிந்திருந்தன. சௌந்தரபாண்டியன் என்னும் பதிப்பாளர் 1972-இல் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்தார். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி.

இங்கிலாந்தில் 1962-இல் வேலியண்ட் என்ற வார இதழில் எஃகு நகம் என்னும் பொருள்படும் தலைப்போடு வந்த தொடர் அது. ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ அதற்குப் படம் வரைந்தார். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டேல் என்பவன் நாயகன். அவன் உடலில் மின்சாரம் பாய்ந்ததும் உருவம் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இவனுக்கு மாயாவி என்று பெயர் வைத்தவரின் சாமர்த்தியத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இராமாயணத்து அரக்கர் முதற்கொண்டு மாயத்தால் மறைவோரை நாம் அறிவோம். எந்தச் சிறுவனுக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. தொடக்கத்தில் தீய வழியிற் சென்ற கிராண்டேல் பின்னர் மனந்திருந்தி உளவுப் படையிற் சேர்கிறான் என்பதும் நமக்குப் பழகிய கதைப்போக்கே.

இங்கிலாந்தில் அவ்வார இதழ் நின்று, வீரனும் பெரும்பாலோர் நினைவிலிருந்து மறைந்தான். தமிழில் அவன் மறையவில்லை. தலைமுறை இரண்டு கடந்தும் மறுபதிப்புகள் வந்தன. சொந்த ஊரில் மறக்கப்பட்டவர் அயலூரிற் பேர் பெறுவது மனிதர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

1984-இல் அதே சிவகாசியில், அதே குடும்பத்தைச் சேர்ந்த விஜயன் மிக இளம்வயதிலேயே ஆசிரியரானார். லயன் காமிக்ஸ் பிறந்தது. அதில் புகழ்பெற்ற ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல். 1938-இல் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். சூப்பர்மேனுக்கு எழுதிய கை, பல கடல் தாண்டிச் சிவகாசி அச்சு மையில் வந்து முடிந்தது! அதே 1984-இல் தினத்தந்தி நிறுவனத்தார் ராணி காமிக்ஸைத் தொடங்கினர். அவர்கள் ஃபாண்டத்திற்கு வைத்த பெயரோ மாயாவி. ஆகவே, மாயாவி என்று ஒருவர் சொன்னால், இரும்புக் கை உடையவனா, முகமூடி உடையவனா என்று கேட்டுத் தெளிய வேண்டியதாயிற்று. வேதாளம் மாயாவியான இந்தக் குழப்பத்தில் நட்புகள் முறிந்ததும் உண்டு. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட கன்னித்தீவைப் பற்றி விரிக்கவில்லை; விரித்தால் இக்கட்டுரையும் அதைப்போல் முடியாமற் போகும்.

இவை தில்லிக்கு எவ்விதம் வந்தன? கோடை விடுமுறையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ, 1976-க்குப் பின் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஊருக்குச் சென்ற குடும்பம் திரும்பும்போது, அப்பளக் கட்டுக்கும் வடகத்திற்கும் நடுவே பெட்டியில் வந்தன. ரயில் நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் கடையில் கடைசி நிமிடத்தில் அழுது வாங்கியவையும் உண்டு. நாகபுரி தாண்டுவதற்குள் வாசித்து முடித்த புத்தகத்தை அடுத்த கோடை வரை திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டும். ஒரே பக்கத்தை இருபது முறை வாசித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தடுமாறுமா? பள்ளிக்கூடத்து ‘அணில், ஆடு’ தராத உந்துதலை, தீயவன் பின்னால் வந்து நிற்பதைக் கவனியாத துப்பறிவாளன் தந்தான். அடுத்த கட்டத்தில் என்ன நேரும் என்று அறியும் ஆவல், கூட்டெழுத்தைக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்கச் செய்தது.

முகமூடி வீரர்கள் அயல்மாநிலத் தமிழ்ப் பிள்ளைகளை ஈர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டென்று தோன்றுகிறது. அவர்கள் எல்லாரும் இரண்டு பெயர் உடையவர்கள். பகலில் ஒருவன், இரவில் வேறொருவன். தில்லிப் பள்ளியிற் சேர்த்த தமிழ்ப் பிள்ளையின் நிலை என்ன? முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைப் பின்னால் ஒட்டி, குடும்பப் பெயராக்கிப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பள்ளியில் தந்தையின் பெயரால் அழைக்கப்படும் சிறுவன், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அம்பியாகவோ குமாராகவோ மாறிவிடுவான். வேடம் மாற்றுவது எவ்வளவு சிரமம், எவ்வளவு சுவாரசியம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பெரியவர்கள் இப்புத்தகங்களை வெறுத்தார்கள். அது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் 1954-இல் சித்திரக்கதைகள் சிறுவரைக் குற்றத்திற்குத் தூண்டுகின்றன என்று நூல் எழுத, அந்நாட்டு மேலவைக் குழு விசாரணையே நடத்திற்று. பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். அவர் சான்றுகளைத் திரித்துப் பயன்படுத்தினார் என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆயினும் பெற்றோரின் புகாரில் நியாயமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. சித்திரக்கதைத் தமிழ் வீட்டுத் தமிழும் அன்று, ஏட்டுத் தமிழும் அன்று. அதை மட்டும் வாசித்தவன் நீண்ட பத்தியைக் கண்டால் களைத்துப்போவான். படிக்கட்டை வீடு என்று எண்ணி அதிலேயே படுத்துக்கொள்ளலாகாது. ஆனால் படிக்கட்டே இல்லாத மாடிக்குப் போவது எப்படி என்பதையும் அவர்கள் யோசிக்கவேண்டும்.

வேதாளம் வந்த மூன்றாம் வழி தூர்தர்ஷன். ராமானந்த சாகர் 1985-இல் தயாரித்த விக்ரம் அவுர் பேதாள் என்ற இந்தித் தொடரில், நரைமுடி விரித்த பேதாளாக சஜ்ஜன் என்னும் முதிய நடிகர் அரசன் முதுகில் அமர்ந்து நகைத்தார். அரசனாக நடித்த அருண் கோவிலே, 1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-இல் தொடங்கிய ராமாயணத்தில் இராமரானார். ஞாயிறு காலையில் அத்தொடர் ஒளிபரப்பான வேளையில் தெருக்கள் வெறிச்சோடியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்ப் பாட்டிமார் பலர் இந்தியை ஏற்றுக்கொண்டது அந்தக் காலைகளில்தான். வடசொற்கள் மலிந்த அத்தொடரின் இந்தி, கடைத்தெருவில் ஒலித்த இந்தியைவிட அவர்களுக்கு எளிதாக இருந்தது. 1988-இல் வந்த மகாபாரதத்தின் ‘பிதாஸ்ரீ’யும் ‘மாதாஸ்ரீ’யும் யாருக்குத்தான் புரியாது? அதிலே பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா, 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் சக்திமானாக வந்தார். மூக்குக்கண்ணாடியும் அசட்டுச் சிரிப்புமாகச் செய்தித்தாள் அலுவலகத்தில் படமெடுக்கும் கங்காதர், ஆபத்து வந்ததும் சுழன்று வீரனாகிவிடுவான். சூப்பர்மேனும் செய்தித்தாள் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தான் என்பதை நினைவிற் கொள்க. குழந்தைகள் சக்திமானைப்போலச் சுழலவும் குதிக்கவும் முயன்று அடிபடுவதாகச் செய்திகள் எழுந்தன. தொடரின் முடிவிலே வீரனே தோன்றிச் சிறுவர்க்குப் புத்திமதி சொல்லும் பகுதியும் இடம் பெற்றது.

தொலைக்காட்சி வீரன் பார்க்கத்தக்கவன். அவனுக்கு எழுத்துத் தேவையில்லை. மோதி பாக் பிள்ளைகள் அவனிடம் இந்தி கற்றனர். அது நன்றே. ஆனால் அவ்வாண்டுகளில்தான் பெட்டிக்குள் வந்த புத்தகங்கள் குறைந்தன. பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாத தமிழர் பெருகியதற்கு அதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். அதற்கும் அதிற் பங்குண்டு என்பதே என் கருத்து.

தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று மோதி பாக்கிலேயே இருக்கிறது. அங்கே எழுத்துக் கற்பிக்கிறார்கள். எழுத்தைக் கற்றபின் வாசிக்க என்ன இருக்கிறது என்பது வீட்டாரின் பொறுப்பு. முத்து, லயன் வெளியீடுகள் நடுவே தளர்ந்து, 2012-இல் புத்துயிர் பெற்று, வண்ணத்திலும் உயர்ந்த தாளிலும் வெளிவரலாயின. இத்தாலிய டெக்ஸ் வில்லரும் பெல்ஜிய லக்கி லூக்கும் அவற்றில் தமிழ் பேசுகின்றனர். சந்தா கட்டினால் வெளிமாநிலங்களுக்கும் அஞ்சலில் வந்துவிடும். விலை முன்போல் மலிவன்று. வாசகர்களிற் பலர் நரை கண்டவர்கள். அவர்கள் தம் புத்தகங்களை அலமாரியிற் பூட்டி வைக்காமல், வீட்டுப் பிள்ளைகளோடு பங்கிட்டு வாசிக்கலாம். கட்டத்தின் மேலே சிறிய எழுத்தில் இருக்கும் வருணனையைப் பெரியவர் வாசிக்கட்டும். வீரனின் வாயிலிருந்து கிளம்பும் வட்டத்திற்குள் இருப்பதைக் குழந்தை எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். ‘டுமீல்’ என்று வருமிடத்தை இருவரும் சேர்ந்தே வாசிக்கலாம்.